எண்பது

எண்பதில் நிற்கிறது.
நேற்றும் எண்பது, முந்தாநாளும் எண்பது.
ராத்திரி முழுக்கச் செருகி வைத்துவிட்டு
பல் துலக்காமல் ஓடிவந்து பார்த்தாலும்
எண்பது,
மறுசோறு வேண்டாமென்று
இலையை மூடிவிட்ட விருந்தாளி மாதிரி.

நாளைக்குப் பள்ளத்தூரில் கல்யாணம்.
போன வாரமே போய்ப் பார்த்து வந்தேன்:
முகப்பிலிருந்து பின்கட்டு வரை
நூற்றுச் சொச்சம் தூண்,
பிளக் பாயிண்ட் இரண்டு.
ஒன்று சமையல்காரரின் கிரைண்டருக்கு.
மற்றதில் மாப்பிள்ளையின் தங்கை
நாள் முழுக்க முடியை நேராக்கப் போகிறாள்
(இப்போதே சொல்லிவிட்டாள்).
திருப்பூட்டு முடிந்த கையோடு
முந்நூறு படம் பொறுக்கி, நிறம் திருத்தி
சாயங்காலம் ஆறுக்குத் திரையில் ஓட்ட வேண்டும்.
எண்பதை வைத்துக்கொண்டு
மதியச் சாப்பாடு வரை போகலாம்.

செய்யாதது ஒன்றும் இல்லை.
பக்கத்து ஜெராக்ஸ் கடை காஜாவிடம்
சார்ஜர் கடன் வாங்கினேன்.
சுவர் மாற்றினேன். அறை மாற்றினேன்.
எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு
பவர் பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்தினேன்.
பதினெட்டில் தும்மல் வந்து
மறுபடி ஒன்றிலிருந்து.
எண்பது.

செக்காலை ரோட்டில் சேவுகமூர்த்தி
பதினோரு திருகாணிகளைக் கழற்றி
காந்தத்தில் வரிசையாக ஒட்டவைத்தான்.
மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும்
வைத்தான், எடுத்தான், வைத்தான்.
"பேட்டரி நல்லா இருக்குண்ணே.
அதான் எனக்குக் கவலையா இருக்கு."
அவனுடைய கம்ப்யூட்டரில் ஓர் அறிக்கை:
பிறந்தபோது ஐம்பத்தேழு,
மூன்று வருஷம் கழித்து ஐம்பத்தைந்து.
"என் கடைக்கு வர்றது எதுவும்
இப்படி இருந்ததில்லை.
யாருகிட்ட வாங்குனீங்க?"

ஜெரின் ஷீபா.
சிக்ரியில் ஆராய்ச்சி மாணவி.
லித்தியம் ஏன் சீக்கிரம் கிழடாகிறது என்று
ஆறு வருஷம் எழுதிவிட்டு
கொரியாவுக்குக் கிளம்பின வாரத்தில்
ஹாஸ்டல் வாசலில் நின்று விற்றாள்.
பையும் தந்தாள். பையில்
நாகர்கோவில் ரயில் டிக்கெட் ஒன்று,
மூடியில்லாத பேனா.
நான் ஐந்நூறு குறைக்கச் சொல்லிப்
பேசிக்கொண்டே இருந்தேன்.
அதற்கு நடுவில் அவள் ஏதோ சொன்னாள்.
"முழுசா ஏறாது. நான்தான் அப்படி வச்சிருக்கேன்."
இப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.
எனக்குக் காதில் விழுந்தது
"சரி, ஐந்நூறு குறைச்சுக்கோங்க" மட்டும்.

கணினி விழிக்கும் முன்னால்
எஃப்-டூவைத் தட்டிக்கொண்டே இருந்தால்
ஒரு நீலத் திரை வரும்.
நாலாவது பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரி:
பேட்டரி ஆயுள் காப்பு — ஆன்.
எண்பதோடு நிறுத்து.

சேவுகமூர்த்தி கை தட்டிச் சிரித்தான்.
"முட்ட முட்ட ஏத்துனா
அதுக்கும் மூச்சு முட்டும்ணே.
தெரிஞ்ச பொண்ணு."
திருகாணிகளை மாட்டினான்.
பத்துதான் இருந்தது.
பதினோராவதைக் குனிந்து தேடினோம்
அவன் மேஜைக்கடியில், என் செருப்புக்குள்.
கிடைக்கவில்லை.
காசு வாங்க மாட்டேன் என்றான்,
ஒரு திருகாணி கடன் என்று கணக்கு.

ராத்திரி பதினொன்றரை.
அந்த வரியின்மேல் அம்புக்குறியை நிறுத்திவிட்டு
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
மூன்று வருஷம் ஒருத்தி
பசி தீர உண்ணவிடாமல்
பார்த்துப் பார்த்து வைத்திருந்த பொருள்.
அதில் பதினாலு மாசம் என் மடியில்.
எத்தனை மாப்பிள்ளைகளின் முகப்பருவை
இதை வைத்து அழித்திருக்கிறேன்!

நாளைக்கு ஒரு நாள் மட்டும், ஷீபா.
ஆஃப்.

மேஜை ஃபேன் திரும்பி வந்தது, போனது.
எங்கோ ஒரு பைக் கிளம்ப மறுத்து
இருமிக்கொண்டே இருந்தது.
எண்பது.
எண்பது.
எண்பத்தொன்று.

படுக்கப் போகவில்லை.
எண்பத்திரண்டையும் பார்த்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.